ஓடுபாதையில் குப்பை சேர்ப்பது எப்படி?

விமான நிலையத்தில் வேலை கிடைத்துவிட்டது. கழுத்தில் அடையாள அட்டை, மேலே பளபளக்கும் மஞ்சள் கோட்டு, ஊரில் “பையன் ஏர்போர்ட்ல இருக்கான்” என்ற பேச்சு. எல்லாம் சரி, ஒன்றுதான் உறுத்துகிறது. மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுபாதை வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு டீக் கப் இல்லை, பாக்குக் கவர் இல்லை, அறுந்த செருப்பு இல்லை. நம் ஊரில் பொது இடம் என்றால் இப்படியா இருக்கும்?

இந்தக் குறையைப் போக்கத்தான் இந்தக் கையேடு. இதற்குத் தனித் திறமை எதுவும் வேண்டாம். கெட்ட எண்ணம்கூட வேண்டாம். விமானத் தளத்துக் குப்பை பெரும்பாலும் நல்லவர்கள் கைங்கரியம். வேலை அவசரத்தில், “அப்புறம் பார்த்துக்கலாம்” என்ற இரண்டே சொற்களில் அது சேர்ந்துவிடும். கீழே உள்ள பாடங்களை வரிசையாகப் படித்து வாருங்கள்.

பாடம் 1: சின்னதுதானே என்று விட்டுவிடுங்கள்

தரையில் ஒரு திருகாணி கிடக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவு. பக்கத்தில் நிற்பதோ எழுபது டன் விமானம். இது போய் அதை என்ன செய்துவிடும் என்று தோன்றுகிறதல்லவா? அந்த எண்ணத்தைப் பத்திரமாக வளர்த்துக்கொள்ளுங்கள்.

ஜெட் இன்ஜின் தரையில் கிடப்பதையும் உறிஞ்சும் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டும். மழை விட்டதும் ஈரத் தரையில் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைத் தள்ளி நின்று கவனித்தவர்களுக்குத் தெரியும். தரையிலிருந்து வெள்ளையாக ஒரு மெல்லிய நீர்த்திரி கிளம்பி, வளைந்து சுழன்று, இன்ஜின் வாய்க்குள் ஏறிப்போகும். வெயில் நாளிலும் அந்தச் சுழல் அங்கேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. தண்ணீரைத் தூக்கும் காற்று கூழாங்கல்லையும் திருகாணியையும் தூக்கும். உள்ளே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றும் அலகுகள் வரவேற்கக் காத்திருக்கின்றன. போயிங் 737 இந்த விஷயத்தில் உங்களுக்கு நல்ல தோழன். அதன் இன்ஜின் தரைக்கு அவ்வளவு நெருக்கமாகத் தொங்குவதால், கூட்டின் அடிப்பக்கத்தைத் தட்டையாகச் செய்ய வேண்டியதாயிற்று.

இன்ஜின் வரைக்கும் போவானேன், டயரே போதும் என்பவர்களுக்கு வரலாற்றுச் சான்று இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஜூலை 25. பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையம். அமெரிக்காவின் காண்டினென்டல் நிறுவனத்து டிசி-10 விமானம் ஒன்று மேலேறிப் போனது. போகிற போக்கில் அதிலிருந்து ஒரு தகடு கழன்று விழுந்தது. நீளம் சுமார் 43 சென்டிமீட்டர், அகலம் மூன்று சென்டிமீட்டர், கனம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. தெருவில் கிடந்தால் பழைய இரும்புக்காரர்கூடத் திரும்பிப் பார்க்காத சாமான்.

ஐந்து நிமிடம் கழித்து அதே ஓடுபாதையில் ஏர் பிரான்சின் கான்கார்ட் பாய்ந்து வந்தது. டயர்களில் ஒன்று தகட்டின்மேல் ஏறிக் கிழிந்தது. நாலரை கிலோ எடையுள்ள ரப்பர் துண்டு ஒன்று தெறித்து இறக்கையின் அடியில் அறைந்தது. அந்த அடியில் உள்ளே எரிபொருளில் எழுந்த அழுத்த அலை தொட்டியைப் பிளந்தது. கொட்டிய எரிபொருள் பற்றிக்கொண்டது. அந்த வேகத்தில் இனி நிற்க முடியாது. மேலே போகவும் வலுவில்லை. சில கிலோமீட்டர் தள்ளி, கோனெஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டல்மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 109 பேரும், தரையில் 4 பேரும் இறந்தார்கள். 2003-இல் கான்கார்ட் சேவையே நிறுத்தப்பட்டது.

அந்தத் தகட்டின் ஜாதகத்தையும் பார்த்துவிடுவோம். விபத்துக்குச் சில வாரம் முன்புதான் பழையதை எடுத்துவிட்டு அதைப் பொருத்தியிருந்தார்கள். தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி அது செய்யப்படவும் இல்லை, பொருத்தப்படவும் இல்லை என்றது பிரெஞ்சு விசாரணை. போட்டது டைட்டானியம் கலந்த உலோகம். பொருத்தியவருக்கு கான்கார்ட் மீது எந்தப் பகையும் இல்லை. 2010-இல் பிரெஞ்சு நீதிமன்றம் ஒன்று காண்டினென்டல் நிறுவனத்தையும் அதன் மெக்கானிக் ஒருவரையும் குற்றவாளிகள் என்றது. 2012-இல் மேல்முறையீட்டில் அந்தக் குற்றத் தீர்ப்பு ரத்தாயிற்று. தகட்டின் கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு, வழக்கின் நீளம் பன்னிரண்டு ஆண்டு.

பாடம் 2: கருவிகளை எண்ணாதீர்கள்

பராமரிப்புப் பிரிவில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கருவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே தடித்த ஸ்பாஞ்சு. அதில் ஸ்பேனருக்கு ஸ்பேனர் வடிவத்தில் ஒரு பள்ளம், டார்ச்சுக்கு டார்ச் வடிவத்தில் ஒரு பள்ளம். வேலை முடிந்ததும் ஒரு பள்ளம் காலியாக இருந்தால் அது பல் விழுந்த வாய்போலப் பெட்டிக்காரரைப் பார்த்து இளிக்கும். எது காணோம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இந்த மாதிரிப் பெட்டிகளை முதல் வேலையாக ஒழித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரு கோணிப்பைக்குள் போட்டுக் குலுக்கிக்கொண்டு போங்கள். எத்தனை எடுத்தோம், எத்தனை திரும்பியது என்பது ஆண்டவனுக்கே தெரியாது.

பெட்டி இருந்தாலும் பரவாயில்லை, மனமிருந்தால் மார்க்கம் உண்டு என்று நிரூபித்தவர்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் குவாண்டாஸின் ஏ380 விமானம் ஒன்றுக்குப் பராமரிப்பு நடந்தது. இன்ஜின் உள்பகுதியைத் திருப்பிப் பார்ப்பதற்கான நைலான் கருவி ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. ஏதோ ஊசி, குண்டூசி என்று நினைத்துவிடாதீர்கள். அதன் நீளம் 1.25 மீட்டர், ஏழெட்டு வயதுப் பிள்ளையின் உயரம். கருவி திரும்பவில்லை என்பது தெரிந்திருந்தும், காணாமற்போன கருவிக்கென்று வகுத்த நடைமுறையைத் தொடங்காமலே விமானம் பறக்கலாம் என்று கையெழுத்தாயிற்று. 2024 புத்தாண்டு அன்று கண்டெடுக்கப்படும்வரை அது 34 பயணங்கள், ஏறத்தாழ 294 மணி நேரம் உள்ளேயே இருந்து, டிக்கெட் இல்லாமல் உலகம் சுற்றியது. பெரிய விபரீதம் ஏதும் நடக்கவில்லை என்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைப் பராமரிப்பு முறையாக ஏற்றுக்கொள்வதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

அந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், லூக் விமானப்படைத் தளத்தில் எஃப்-35 போர் விமானத்தின் இன்ஜினை ஓடவிட்டுச் சோதித்தார்கள். ஒரு கை டார்ச் உள்ளே போயிற்று. நிறுத்தும்போது சத்தம் சரியில்லையே என்று பார்த்து, அதன் பிறகுதான் கருவிகளை எண்ணினார்கள். சேதம் சுமார் 40 லட்சம் டாலர். முதலில் ஓட்டு, பிறகு எண்ணு என்ற வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பாடம் 3: ஏற்று, இறக்கு, உதறு

சரக்கு ஏற்றும் பிரிவு குப்பைக்கு அட்சயபாத்திரம். இப்போது எல்லாப் பெட்டிக்கும் நான்கு சக்கரம். தூக்கிப் போட்டால் நான்கில் ஒன்றாவது உடையும். உடைந்த சக்கரம் தனியாக வருவதில்லை, இரும்பு அச்சையும் ஒரு திருகையும் கூட்டிக்கொண்டு வரும். அதோடு ஜிப் பிடி, குட்டிப் பூட்டு, பெட்டியில் ஒட்டிய சீட்டு, சுற்றிய பிளாஸ்டிக் தாள், சரக்கைக் கட்டிய நாடா என்று ஒரு விமானத்துக்கே ஒரு கைப்பிடி தேறும். எல்லாவற்றையும் காலால் ஓரமாகத் தள்ளிவிடுங்கள். அடுத்த விமானம் கிளம்பும்போது இன்ஜின் காற்று அவற்றை நடுவே கொண்டுவந்து சேர்க்கும்.

இதற்கென்றே வைத்திருக்கும் மூடியுள்ள குப்பைத் தொட்டியைத் திறந்தே வையுங்கள். காற்றடிக்கும் வெட்டவெளியில் திறந்த தொட்டி என்பது தொட்டியே இல்லாததைவிடப் பயனுள்ளது. பலரும் சிரமப்பட்டுச் சேர்த்ததை ஒரே வீச்சில் விநியோகித்துவிடும்.

வாகன ஓட்டிகளுக்கு ஒரு குறிப்பு. வெளிச்சாலையிலிருந்து உள்ளே வரும் வாயிலில் வண்டியை நிறுத்தி, டயர் வரிப்பள்ளங்களில் சிக்கியிருக்கும் கற்களைக் குத்தி எடுக்கச் சொல்வார்கள். நேர விரயம். கல்லை உள்ளே கொண்டுவந்து, விமானம் நகரும் இடத்தில் ஒவ்வொன்றாக உதிர விடுங்கள். ஆயுத பூஜைக்கு இழுவை டிராக்டரில் கட்டிய வாழைக்கன்றையும் மாலையையும் அவிழ்க்காமலே ஓட்டுங்கள். சுற்றிப்போட்ட பூசணிக்காயின் காசுகள் எங்கே உருண்டன என்று தேட வேண்டாம், சரஸ்வதி பார்த்துக்கொள்வாள்.

பாடம் 4: கட்டுமானப் பணியை வாழ விடுங்கள்

விமான நிலையம் என்று இருந்தால் எப்போதும் ஒரு மூலையில் ஏதாவது கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒப்பந்தக்காரரின் லாரி தார்ப்பாய் போடாமல் வரட்டும். ஜல்லி, எம்-சாண்ட், அறுத்த கட்டுக்கம்பித் துண்டு, சிமென்ட் மூட்டைக் காகிதம் எல்லாம் வழியில் பரவட்டும். மாலையில் வேலை முடிந்ததும் பெருக்கும் செலவை ஒப்பந்தத்தில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் டெண்டர் தொகை ஏறிவிடும்.

தரையும் தன் பங்குக்கு உதவும். கான்கிரீட் பலகைகளின் இணைப்பில் அடைத்த பசை வெயிலில் காய்ந்து கழன்று வரும், ஓரங்கள் பொரிந்து சில்லு சில்லாகப் பெயரும். விரிசலைப் பார்த்த அன்றே அடைத்தால் சிமென்ட்டும் இரண்டு ஆளும் போதும். அடைக்காமல் விட்டால் ஓடுபாதையே ஜல்லி தயாரித்துக் கொடுக்கும், லாரி வாடகை மிச்சம்.

பாடம் 5: பயணிகளுக்கான சிறப்புப் பயிற்சி

ஊழியர்களே எல்லாம் செய்ய வேண்டுமா, பயணிகளுக்குப் பொறுப்பில்லையா என்று கேட்டால், சீனாவைப் பாருங்கள். 2017 ஜூனில் ஷாங்காய் புடோங் விமான நிலையத்தில் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் விமானம் ஏறப்போகும்போது, பயணம் நல்லபடியாக அமைய வேண்டுமென்று இன்ஜினை நோக்கி நாணயங்களை எறிந்தார். எறிந்தது ஒன்பது. எட்டு குறி தவறியது, ஒன்று உள்ளே போயிற்று. அத்தனையின் மொத்த மதிப்பு 1.7 யுவான். பயணிகளை இறக்கி, இன்ஜினைச் சோதித்து, விமானம் கிளம்பப் பல மணி நேரம் ஆனது. அதன் பிறகும் சீனாவில் இன்ஜினுக்குக் காணிக்கை செலுத்துவது நிற்கவில்லை. 2024 மார்ச்சில்கூட சான்யாவிலிருந்து பெய்ஜிங் போக வேண்டிய விமானம் இதே காரணத்தால் நான்கு மணி நேரம் தாமதமாயிற்று.

பாட்டியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் நமக்கு அந்த மனசு புரியும். 2019-இல் பிரான்சில் நம் பாதுகாப்பு அமைச்சர் ரஃபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொண்டபோதும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நம் ஆட்கள் டயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள், இன்ஜின்வரை போவதில்லை. முன்னேற வேண்டியது நிறைய இருக்கிறது.

பாடம் 6: அக்கம்பக்கத்தார் ஒத்துழைப்பு

விமான நிலையத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். இந்தியாவின் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 91-ஆவது விதி, விமான நிலையத்தின் மையப் புள்ளியிலிருந்து 10 கிலோமீட்டர் ஆரத்துக்குள் பறவைகளை ஈர்க்கும் குப்பை, இறைச்சிக் கழிவு, மீன் கழிவு எதையும் கொட்டக்கூடாது என்றது. விலங்கு அறுப்பதற்கும் தடை. சென்னை மீனம்பாக்கத்தைச் சுற்றி பல்லாவரம், பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் எல்லாம் இந்த வட்டத்துக்குள்தான் வரும். ராத்திரி பத்து மணிக்குமேல் கோழிக்கடைக் கழிவைக் காலி மனையில் கவிழ்த்துவிட்டு வந்தால் போதும். காலையில் பருந்தும் காக்கையும் வரும். எலும்பைக் கவ்விக்கொண்டு பறக்கும் பருந்து, துரத்தும் காக்கைக்குப் பயந்து பாதி வழியில் நழுவ விடும். அது எங்கே விழும் என்பது உங்கள் ராசி. எலும்பு தப்பினாலும் பருந்தே இன்ஜினுக்குப் போய்ச் சேரலாம்.

பாடம் 7: சோதனையைச் சடங்காக்குங்கள்

பெரிய விமான நிலையங்களில் நாளுக்குக் குறைந்தது இரண்டு தடவை ஓடுபாதையைப் பார்வையிட வேண்டும் என்பது சர்வதேச விதி. பார்வையிடுங்கள், அதாவது வண்டியில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டு, அடுத்த தடவை எப்போது சம்பளம் ஏறும் என்று பேசிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விரட்டுங்கள். பிறகு வயர்லெஸ்ஸில் “ரன்வே கிளியர்” என்று சொல்லிவிட்டால் கிளியர்தான்.

இன்னொரு முறை நடந்து பொறுக்குவது. அமெரிக்கக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களில் ஆட்கள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்று, மேல்தளம் முழுவதும் குனிந்த தலை நிமிராமல் நடப்பார்கள். கிடப்பதை எல்லாம் எடுப்பார்கள். அந்நாட்டு விமானப்படைத் தளங்கள் சிலவற்றில் பொன் வண்ணம் பூசிய போல்ட் ஒன்றைத் தளத்தில் ஒளித்து வைத்து, கண்டெடுத்தவருக்குப் பரிசு கொடுப்பார்கள். இந்தப் பழக்கம் உங்கள் பக்கம் எட்டிப் பார்க்காமல் கவனமாக இருங்கள். வேண்டுமானால் ஆண்டுக்கு ஒரு நாள் விழாவாகக் கொண்டாடலாம். வெள்ளைக் கையுறை, ‘தூய்மையே பாதுகாப்பு’ என்று பேனர், முன்வரிசையில் அதிகாரிகள், ஒரு போட்டோ. போட்டோ முடிந்ததும் பேனரைக் கட்டிய பிளாஸ்டிக் டேக்கைக் கத்தியால் அறுத்து அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பாரிஸில் கான்கார்ட் விழுந்த அன்று ஓடுபாதையின் முழுச் சோதனை தீயணைப்பு ஒத்திகை காரணமாகத் தள்ளிப்போயிருந்தது. நேரத்துக்கு நடந்திருந்தாலும், ஐந்து நிமிடத்துக்கு முன் விழுந்த தகட்டை அது பிடித்திருக்குமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்துதான் இடைவிடாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கருவிகள் வந்தன. கனடாவின் வான்கூவர் 2006-இல் இதற்கு ரேடார் வைத்தது. சிங்கப்பூர் சாங்கியில் கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நம் கையேட்டுக்கு இது பெரிய சவால். ஆனாலும் ரேடார் காட்டித்தான் கொடுக்கும், இறங்கிப் போய் எடுப்பது ஓர் ஆள்தான். அந்த ஆளுக்கு “இது என் வேலையில்லை” என்று சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டால் ரேடாரையும் ஜெயித்துவிடலாம்.

பாடம் 8: சொன்னவனைத் திட்டுங்கள்

இது மேலாளர்களுக்கான பாடம். ராத்திரி ஷிஃப்ட், விமானம் கிளம்ப இருபது நிமிடம். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பையன் வந்து நின்று, “சார், எட்டாம் நம்பர் ஸ்பேனர் காணோம் சார்” என்கிறான். உடனே எல்லோருக்கும் கேட்கும்படி கத்துங்கள். “கண்ணு எங்க வச்சிருந்த? தாமதமானா உன் சம்பளத்துல பிடிப்பேன்” என்று சொல்லுங்கள். மெமோவும் கொடுங்கள். அடுத்த தடவை ஸ்பேனர் தொலைந்தால் அவன் உங்களிடம் வரமாட்டான். கடைத்தெருவில் நூற்றைம்பது ரூபாய்க்கு அதே நம்பரில் ஒன்று வாங்கிவந்து பெட்டிப் பள்ளத்தில் வைத்துவிடுவான். கணக்கு சரியாக இருக்கும். பழைய ஸ்பேனர் மட்டும் விமானத்துக்குள் எங்கோ இருக்கும்.

சந்தேகங்களும் விளக்கங்களும்

கேள்வி: வண்டிக்கு அடியில் காந்தப் பட்டை கட்டி ஓட்டுகிறார்களே, எல்லாம் ஒட்டிக்கொண்டு போய்விடாதா?
பதில்: இரும்பு ஒட்டும். அலுமினியம், பிளாஸ்டிக், ரப்பர், கல் ஒட்டாது. டைட்டானியமும் ஒட்டாது. கான்கார்டைக் கிழித்த தகட்டின்மேல் காந்தம் போயிருந்தாலும் சும்மாதான் போயிருக்கும்.

கேள்வி: பெருக்கும் இயந்திரம் வாங்கியிருக்கிறோம். இனி எங்கள் பிழைப்பு?
பதில்: இரும்பு முள் வைத்த தூரிகையாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பெருக்கப் பெருக்க முள் உதிரும். பெருக்கியதற்குப் பிறகும் குப்பை இருக்கும்.

கேள்வி: இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது தொப்பி பறந்துவிட்டது. ஓடிப்போய் எடுக்கலாமா?
பதில்: இதில் மட்டும் கேலி கிடையாது. ஓடாதீர்கள். தொப்பியை உறிஞ்சும் இன்ஜின் ஆளையும் உறிஞ்சும். நின்ற இடத்தில் நின்று, தரைப்பணிப் பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். விமானத்தை நிறுத்துவது அவர்கள் வேலை.

கேள்வி: எட்டுப் பாடத்தையும் நினைவில் வைக்க முடியவில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
பதில்: எட்டாவது. சொல்பவன் வாயை அடைத்துவிட்டால் மற்ற ஏழும் தாமாக நடக்கும்.

ஆகவே, இந்தக் கையேட்டைத் தோற்கடிக்க விரும்பும் மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். “ஸ்பேனர் காணோம்” என்று வந்து நிற்கும் பையனுக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். அப்புறம் அவனோடு சேர்ந்து தேடுங்கள். கிடைக்கிறவரை விமானத்தை விடாதீர்கள்.